நன்னாவின் வரலாறு எழுதப் போய் நான் தொலைத்தவை

எங்கள் நன்னா, அதாவது அம்மாவின் அத்தா (அப்பா), ஒரு ஆலிம், மார்க்கக் கல்வி கற்றவர். மேலூர் பக்கம் ஒரு ஊரில் இருபத்திரண்டு வருடம் பள்ளிவாசலில் தொழவைக்கும் பேஷ் இமாமாக இருந்தார். அப்புறம் அந்த வேலை போய், மதுரை முனிச்சாலையில் ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்தபடியே 1996 வரைக்கும் ஊர் ஊராகப் போய் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்தார். கைக்கூலி, அதாவது வரதட்சணை, வாங்கும் கல்யாணத்தில் நிக்காஹ் ஓத மாட்டேன் என்றவர். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக நடந்தவர். 1998-ல் மவுத்தானார் (இறந்தார்). அவருடைய வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாகக் கொண்டுவர நான் 2021-ல் உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஆனது. வீணாகப் போன பணம் மட்டும் 82,000 ரூபாய். பணத்தைவிட, திரும்பக் கிடைக்காத சில பொருட்களை என் கையாலேயே தொலைத்தேன். இப்படி ஒரு வேலையில் இறங்குகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தவறு, தொடங்கிய நேரம். நன்னி (அம்மாவின் அம்மா) உயிரோடு இருந்தபோது நான் எதையும் கேட்கவில்லை. "நன்னி இங்கேதானே இருக்கிறார், லீவில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்" என்று நாலைந்து வருடம் தள்ளிப்போட்டேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் பதினோரு நாளில் நன்னி போய்விட்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே 41 கேசட்டுகளும், நீல அட்டை போட்ட ஆறு நோட்டுகளும், துணியில் சுற்றிய கொஞ்சம் பழைய பத்திரிகைகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நன்னிதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் போனில் ரெக்கார்டரைப் போட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேள்விப் பட்டியலெல்லாம் பிறகு தயார் செய்துகொள்ளலாம்.

கேசட்டுகளை மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒன்றுக்கு 300 ரூபாய், 41-க்கு 12,300. "பென் டிரைவில் போட்டுத் தருகிறோம், இரைச்சலையும் எடுத்துவிடுவோம்" என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால் பென் டிரைவும், ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிய வெறும் கேசட்டுகளும் கொடுத்தார்கள். உறைகள் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, தூக்கிப் போட்டாச்சும்மா." அந்த உறைகளில்தான் நன்னா தம் கையெழுத்தில் ஊர், தேதி, தலைப்பு மூன்றையும் எழுதி வைத்திருந்தார். கேசட்டின் மேல் எதுவும் இல்லை. எந்தப் பேச்சு எந்த ஊரில், எந்த வருடம் என்பது ஒரு குப்பைத்தொட்டியோடு போய்விட்டது. கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால் இன்னும் மோசம். பாதிக்கு மேல் ஒரு பக்கம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. இரைச்சலை எடுக்கிறேன் என்று நன்னாவின் குரலையும் சேர்த்துச் சுரண்டியிருந்தார்கள், ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. பேச்சு தொடங்கும் வரைக்கும் உள்ள பகுதியை வெட்டியும் விட்டார்கள். ஒன்பது கேசட்டுகளில் நாடா அறுந்து கிடந்தது.

கடைசியில் நானே ஒரு பழைய கேசட் டெக் வாங்கினேன், 4,500 ரூபாய். கணினியில் இணைக்க ஒரு சின்னக் கருவியும் வாங்கி, நல்லபடியாக இருந்த 32 கேசட்டையும் வீட்டிலேயே பதிவு செய்தேன். இதில் அவசரப்படவே முடியாது. 60 நிமிடக் கேசட் ஓடி முடிய 60 நிமிடமேதான் ஆகும், பக்கத்துக்கு முப்பது. ஓட்டுவதற்கு முன் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் ஒட்டிக்கொண்ட நாடா இளகும். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடிபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், பழைய கேசட்டுகளில் அது உதிர்ந்துவிடும். குரல் ஏறி இறங்கிக் கேட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். அறுந்த நாடாவை நான் செல்லோடேப் போட்டு ஒட்டிப் பார்த்து இரண்டைக் கெடுத்தேன். அதன் பசை வெயிலில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்கிறது. நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது. முதல் பதிவை எப்போதும் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள், எம்பி3 எல்லாம் பிறகு சொந்தக்காரர்களுக்கு அனுப்பத்தான். இரைச்சல் நீக்கம் செய்வதென்றால் நகலில் செய்யுங்கள். வெளியே கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு கேசட்டையும் உறையையும் எண் போட்டுப் படம் எடுத்துவிட்டு, முதலில் இரண்டே இரண்டைக் கொடுத்துப் பாருங்கள். உறைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது நோட்டுகள். ஆறும் அரபுத் தமிழில் இருந்தன. மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத நம் ஒலிகளான ப, ட, ழ, ள, ங போன்றவற்றுக்கு இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளி கூட்டி எழுதுவார்கள். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், ஆனாலும் ஒரு வரி படிக்கப் பத்து நிமிடம் ஆனது. தெரிந்தவர் மூலமாக ஒருவரைப் பிடித்து, தமிழ் எழுத்தில் மாற்றித் தரச் சொல்லி 6,500 ரூபாய் கொடுத்தேன். சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ஏதோ உறுத்தியது. நன்னா அவ்வளவு வழவழ என்று எழுத மாட்டாரே என்று ஒரு பக்கத்தை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நன்னா "கைக்கூலி ஹராம்", அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, என்று எழுதியிருந்தார். தட்டச்சில் "கைக்கூலி தவிர்க்கப்பட வேண்டியது" என்று இருந்தது. கேட்டால், "ஹஜ்ரத் கோபத்துல எழுதியிருப்பாங்க, நாம பதமா சொல்லுவோமேன்னு மாத்தினேன்" என்றார். எத்தனை இடத்தில் அப்படி மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. மொத்தத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டேன்.

அப்போது அம்மா சொன்னார், சின்ன நன்னி அரபுத் தமிழை நன்றாகப் படிப்பாரே என்று. நன்னியின் தங்கை, எண்பத்து மூன்று வயது. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு மதரஸாவில் குர்ஆனோடு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தமிழ் எழுத்தை யாரும் சொல்லிக் கொடுக்காத வீடுகளிலும்கூட. பதினான்கு ஞாயிற்றுக்கிழமை மேலூர் பஸ் ஏறிப் போனேன். அவர் வாய்விட்டுப் படிப்பார், நான் பதிவு செய்துகொண்டே எழுதுவேன். நடுநடுவே நோட்டில் இல்லாததெல்லாம் வந்து விழும். "இதை எழுதுன அன்னைக்கு மச்சானுக்குக் காய்ச்சல், கஞ்சி மட்டும் குடிச்சாங்க" என்பார். படிப்புத் தெரிந்த ஆம்பளையைத் தேடிக் காசு கொடுத்த நான், வீட்டுக்குள் இருந்த ஆளைக் கேட்க மறந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. யாரிடம் கொடுத்தாலும் பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள், ஒரு பக்கத்தையாவது நீங்களே மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நன்னாவின் தேதிகள் எல்லாம் பிறைக் கணக்கில்தான் இருந்தன. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு, அதனால் ஒவ்வொரு வருடமும் நகர்ந்துகொண்டே போகும். இணையத்தில் தேதி மாற்றும் கணிப்பான்கள் இருக்கின்றன, ஆனால் அவை கணக்கு மட்டும்தான் போடும், பிறை பார்க்காது. ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகும். எனக்குக் கைகொடுத்தது வெள்ளிக்கிழமை. நோட்டில் இருந்ததெல்லாம் ஜும்ஆவுக்கு எழுதிய குறிப்புகள், ஆகவே எந்தத் தேதியும் வெள்ளியில்தான் விழுந்தாக வேண்டும். கடைசி நோட்டின் கடைசிக் குறிப்பு 1394 ஷஃபான் மாதம் பிறை 10. கணிப்பான் 1974 ஆகஸ்ட் 29 என்றது, அது வியாழன். அப்படியானால் அந்த ஊரில் பிறை ஒரு நாள் தள்ளித் தெரிந்திருக்க வேண்டும், ஜும்ஆ ஆகஸ்ட் 30. நன்னாவுக்கு வேலை போனது எமர்ஜென்சி சமயத்தில் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எமர்ஜென்சி வந்தது 1975 ஜூனில். அந்த ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் குடும்பக் கதையையே திருத்தியது. இன்னொன்று, நம்மில் பெரியவர்கள் "வெள்ளி ராவு" என்றால் அது வியாழன் பொழுது சாய்ந்த பிறகு வரும் ராத்திரி. மஃரிப் தொழுகை நேரத்தோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. நான் இதை மறந்து நன்னா மவுத்தான நாளைப் புத்தகத்தில் ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.

துணியில் சுற்றியிருந்த பத்திரிகைகள் தாருல் இஸ்லாம். பா. தாவூத்ஷா நடத்தியது. அவரைப் பற்றி எனக்கு அதுவரை பேர் மட்டும்தான் தெரியும். கும்பகோணத்துப் பக்கம் கீழ்மாந்தூரில் 1885-ல் பிறந்தவர், சப் மாஜிஸ்திரேட் உத்தியோகம் பார்த்து ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அதை உதறியவர். கம்பனில் தோய்ந்து பேசியதால் கம்பராமாயண சாயபு என்றே பேர் வாங்கியவர். குர்ஆனுக்குத் தமிழில் பொருளும் விரிவுரையும் எழுதினார். ஜும்ஆ மேடையில் சொல்வது கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும், தமிழில் சொல்லுங்கள் என்று எழுதி எழுதி ஆலிம்கள் பலருடைய கோபத்தைச் சம்பாதித்தவர். 1969-ல் காலமானார். நன்னா மதரஸாவில் ஓதிய காலத்தில் இந்தப் பத்திரிகையைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தார் என்று சின்ன நன்னி சொன்னார். ஊருக்கு இமாமாக வந்ததும் ஜும்ஆவில் ஓதும் அரபி உரையான குத்பாவுக்கு முன்னால் கால் மணி நேரம் தமிழில் பேசத் தொடங்கியிருக்கிறார். இன்று நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் இது வழக்கமான விஷயம். அந்த ஊரில் அன்று அதற்கே இரண்டு கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு ஆசை என்னைப் பிடித்து இழுத்தது. "ஹஜ்ரத், தாவூத்ஷாவோட சிஷ்யர்" என்று நன்னாவைப் பற்றி ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். எழுதினால் நன்னா எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிவார்! ஆறு நோட்டிலும் தேடினேன், ஒரு சந்திப்போ ஒரு கடிதமோ இல்லை. வாசகர் என்றுதான் எழுதினேன். இப்போது நினைத்தால், எவருடைய சிபாரிசும் இல்லாமல் பத்திரிகையைப் படித்ததை வைத்தே ஒரு இருபத்தாறு வயது இமாம் மிம்பர் மேடையில் நின்று தமிழில் பேசினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வேலை ஏன் போனது என்று கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. சொந்தக்காரர்களிடம் "நன்னா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன், வலியுல்லாஹ் மாதிரி" என்பதோடு முடிந்துவிடும். அப்படிக் கேட்பதை நிறுத்தினேன். முனிச்சாலைக்கு வந்த மாதம் வாடகை யார் கொடுத்தது, அந்தப் பெருநாளைக்கு யார் துணி எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெருநாளுக்குத் துணியே எடுக்கவில்லை. நன்னி காதுக் கம்மலை விற்று வாடகை கொடுத்திருக்கிறார்.

அப்புறம் துணிந்து, அந்தக் காலத்து முத்தவல்லியின் (பள்ளிவாசல் நிர்வாகியின்) மகனைப் பார்க்கப் போனேன். "எதிரி வீட்டுக்குப் போறியா?" என்று மாமு (தாய்மாமன்) சத்தம் போட்டார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஜமாஅத்தில் சொல்லி கல்யாணங்களைப் பதியும் நிக்காஹ் தஃப்தரையே வரவழைத்தார். ஊர் வழக்கப்படி ஒவ்வொரு நிக்காஹிலும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரோடு கைக்கூலியையும் தஃப்தரில் எழுதி, அதில் ஒரு பங்கு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். 1974 ஆகஸ்டில் ஒரு நிக்காஹில் நன்னா கைக்கூலிக் கட்டத்தில் எழுத மறுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஓதுவேன் என்று சபையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையே எழுந்து 3,001 ரூபாயைப் பெண்ணின் அத்தா கையில் திருப்பிக் கொடுத்தார். நன்னா நிக்காஹ் ஓதினார். அடுத்த ஜும்ஆவோடு அவரை நிறுத்திவிட்டார்கள். தஃப்தரில் அந்த ஒரு வரியில் மட்டும் கைக்கூலிக் கட்டம் காலியாக இருக்கிறது. "எங்க அத்தா கடைசி வரைக்கும் அதை நெனச்சு சங்கடப்பட்டாங்க" என்றார் அவர். சண்டை போட்ட வீட்டில்தான் ஆவணமும் இருக்கும், நினைவும் இருக்கும். ஒன்று மட்டும் கவனம். தஃப்தரில் மற்ற குடும்பங்களின் விவரமும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

இவ்வளவும் கிடைத்த பிறகு நான் செய்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. மாமு அழுதார். "அந்த ஊர்ல நமக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கு, அத்தாவை வேலையை விட்டு நிறுத்துனாங்கன்னு எழுதி அசிங்கப்படுத்தணுமா?" என்றார். நான் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். "1974-ல் மதுரைக்குக் குடிபெயர்ந்தார்" என்று ஒரே வரி.

புத்தகம் 1,000 பிரதி, 58,000 ரூபாய். பிரதி கூடினால் விலை குறையும் என்று ஆசை காட்டினார்கள், உண்மைதான். ஆனால் ஒரு ஆலிமின் வாழ்க்கையை வாங்கிப் படிக்க எனக்குத் தெரிந்தவர்கள் இருநூறு பேர்தான் இருந்தார்கள். புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் அடையாள எண்ணுக்கு என்று தனியாக 3,000 வாங்கினார்கள். நம் நாட்டில் அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமையில் நாமே விண்ணப்பிக்கலாம். இதைவிடப் பெரிய அடி, கட்டுப் பிரித்துப் பார்த்தபோது 37-ஆம் பக்கத்தில் இருந்தது. நன்னா எப்போதும் ஓதுகிற அந்நிஸா சூராவின் 4-ஆம் வசனம், பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்பது, அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தலைகீழ் வரிசையில் அச்சாகியிருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த மென்பொருளில் அரபியை ஒட்டினால் இப்படித்தான் ஆகும். திரையில் சரியாக இருந்ததே என்றார்கள். நான் தாளில் மெய்ப்புக் கேட்டிருக்க வேண்டும். சிதைந்த ஆயத்தோடு புத்தகத்தை யார் கையில் கொடுப்பது? பழைய பேப்பருக்கும் போட முடியாது. 2,200 ரூபாய்க்குச் சரியான ஆயத்தை ஸ்டிக்கராக அடித்து, நானும் பிள்ளைகளும் ரமலானில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து ஆயிரம் புத்தகத்திலும் ஒட்டினோம். ஒட்டும்போது ஒவ்வொரு முறையும் நன்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வெளியீட்டுக்கு மறுவாரம் ஒரு வயதான அம்மா பேத்தியோடு வீட்டுக்கு வந்தார். புத்தகத்தைப் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். "ஏம்மா, எங்க நிக்காஹை எழுதலையே?" என்றார். அந்தக் காலிக் கட்டத்துப் பெண் அவர்தான். "எங்களாலதான் ஹஜ்ரத்துக்கு வேலை போச்சு. அதை எழுதாம ஹஜ்ரத்தைப் பத்தி வேற என்னத்தம்மா எழுதுனீங்க?" நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே மாமுவுக்குப் போன் போட்டு, மறுபதிப்பில் அத்தியாயம் வரும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் பேசவில்லை, பிறகு வந்துவிட்டார்.

மறுபதிப்புக்குக் கோப்பைக் கேட்டால், அது பழைய எழுத்துரு ஒன்றில் இருந்தது, யூனிகோடில் இல்லை. திருத்தப் போனால் எல்லாம் கிறுக்கலாக வந்தது. முதலிலிருந்து தட்டச்சு செய்தேன். இந்த முறை டிஜிட்டல் அச்சில் 150 பிரதி மட்டும், தேவைப்பட்டால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். காசு கொடுக்கும்போதே யூனிகோடில் மூலக் கோப்பும் பிடிஎஃப்பும் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

புதுப் பதிப்பைக் கொடுக்க அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். கண் சரியில்லை, படிக்க முடியாது என்றதால் போனில் கேசட் எண் 17-ஐப் போட்டேன். ஊர் தெரியாத கேசட்டுகளில் அதுவும் ஒன்று. கடைக்காரர் வெட்டிப்போட்ட தொடக்கம் என் பதிவில் இருக்கிறது. மைக்கைத் தட்டி ஒருவர் "அமைதி, பின்னாடி இருக்குறவங்க உக்காருங்க, ஹஜ்ரத் பேசுவாங்க" என்கிறார். அப்புறம் நன்னா இருமிவிட்டு பிஸ்மி சொல்கிறார். குரல் கேட்டதும் அந்த அம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடி இருந்து இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். போட்டேன். "இந்த உக்காருங்கன்னு சொல்றது எங்க வீட்டுக்காரர். மவுத்தாகிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. இது நம்ம ஊரு பொம்பளப் புள்ளைங்க மதரஸா தொறந்த அன்னைக்குப் பேசுனது. எம் மூணாவது மக கைப்புள்ள."

மூன்றாவது மகளுக்குப் போன் போட்டுப் பிறந்த தேதி கேட்டோம். 1983. வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் ஒரு உறை வெட்டி, ஊர், வருடம், தலைப்பு மூன்றையும் பென்சிலில் எழுதி 17-ஐ அதற்குள் வைத்தேன்.